ஓப்பெத் இசைத்தொகுப்புகள்

ஓப்பெத் என்பது சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 1990 ஆம் ஆண்டளவில் உருவான ஒரு முற்போக்கு மெட்டல் இசைக்குழு ஆகும். 1995 முதல் 2024 வரை இக்குழு பதினான்கு இசைத்தொகுப்புகளை வெளியிட்டுள்ளது. பாடகரும் கித்தார் கலைஞரும், மிகப் பெரும்பாலான பாடல்களை இயற்றியவருமான மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் ஒருவரே இப்பதினான்கிலும் தொடர்ந்து இடம்பெற்றவர். ஏனைய கலைஞர்கள் காலப்போக்கில் மாறியுள்ளனர். இக்கட்டுரை அத்தொகுப்புகளின் வரலாற்றையும் இயல்பையும், குறிப்பாக இக்குழுவின் மேடை நிகழ்ச்சியொன்றுக்குச் செல்லுமுன் அவற்றைக் கேட்டறிய விரும்பும் ஒருவருக்குத் தேவையான அளவில், விளக்குகிறது.

இக்குழுவைப் பொறுத்தவரை இத்தகைய முன்னறிமுகம் வெறும் ஆர்வம் சார்ந்ததன்று. ஓப்பெத் பாடல்கள் பல பத்து நிமிடங்களுக்கு மேல் நீள்பவை. ஆகவே இரண்டு மணிநேர நிகழ்ச்சியில் பத்துப் பன்னிரண்டு பாடல்களுக்கே இடமிருக்கும். அவையும் முப்பது ஆண்டுக் காலத்தின் வெவ்வேறு தொகுப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கும். ஒரு தொகுப்பை மட்டும் அறிந்து செல்பவர் அம்மேடையில் தமக்குத் தெரிந்த பாடலாக ஒன்றையோ இரண்டையோ கேட்கக்கூடும். எஞ்சியவை வேறொரு குழுவின் பாடல்கள் போலவே தோன்றக்கூடும்.

இசையின் இயல்பு

முற்போக்கு மெட்டல் என்பது இரு இசை மரபுகளின் கலப்பால் உருவானது. முதலாவது, 1970 களில் இங்கிலாந்தில் செழித்த முற்போக்கு ராக். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், கேமல் முதலிய குழுக்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள். நீண்ட பாடல்கள், அடிக்கடி மாறும் தாளக் கணக்கு, பாடலுக்குள் பல தனித்த பகுதிகள் ஆகியன இதன் இயல்புகள். இரண்டாவது, பிளாக் சாபத் முதலான குழுக்களில் தொடங்கிய ஹெவி மெட்டல். 1980 களில் குவீன்ஸ்ரைக், ஃபேட்ஸ் வார்னிங், டிரீம் தியேட்டர் முதலிய அமெரிக்கக் குழுக்கள் இவ்விரண்டையும் இணைத்தன.

ஓப்பெத் இவ்வழியில் வந்ததன்று. அது ஸ்டாக்ஹோமின் டெத் மெட்டல் சூழலில் தோன்றியது. டெத் மெட்டலில் சொற்கள் பாடப்படுவதில்லை. அடித்தொண்டையிலிருந்து உறுமலாக எழுப்பப்படுகின்றன. குரல்நாண்களுக்கு மேலே அமைந்துள்ள பொய்க்குரல்நாண்கள் எனப்படும் மடிப்புகளை அதிரச் செய்வதன் மூலம் இவ்வொலி பெறப்படுகிறது. பழக்கமில்லாதவர் செவிக்கு இது வெறும் கத்தலாகத் தோன்றினாலும், மூச்சுக் கட்டுப்பாடும் நீண்ட பயிற்சியும் இல்லாமல் இதை ஒரு நிகழ்ச்சி முழுவதும் எழுப்ப இயலாது. ஓப்பெத்தின் தனித்தன்மை, இவ்வுறுமலையும் மென்மையான இயல்புக் குரலையும் ஒரே பாடகர் ஒரே பாடலுக்குள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதாகும். கனத்த மின் கித்தார் பகுதி திடீரென நின்று, ஓர் அக்கூஸ்டிக் கித்தாரும் தாழ்ந்த குரலும் மட்டும் தொடர்வது இவர்களது பாடல்களில் இயல்பானது.

பாடல்களின் கட்டமைப்பும் புதியவரைத் திகைக்க வைக்கக்கூடியது. பொதுவான ராக் பாடலில் மீண்டும் மீண்டும் வரும் பல்லவி ஒன்று இருக்கும். கேட்பவர் அதைப் பற்றிக்கொண்டு பாடலைப் பின்தொடர்வார். ஓப்பெத்தின் நீண்ட பாடல்கள் பலவற்றில் அத்தகைய பல்லவி இல்லை. ஒரு பகுதி முடிந்தபின் அது திரும்ப வராமலே போகலாம். முதல் முறை கேட்கும்போது எங்கு இருக்கிறோம் என்பதே புலப்படாது. மூன்று நான்கு முறை கேட்டபின் பகுதிகளின் வரிசை நினைவில் பதிந்து, அடுத்து வருவதை எதிர்பார்க்க முடிகிறது. மேடையில் அதே பாடலைக் கேட்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியில் பெரும்பகுதி இவ்வெதிர்பார்ப்பிலிருந்தே வருகிறது.

பெயரும் தொடக்கமும்

குழுவின் பெயர் வில்பர் சிமித் எழுதிய த சன்பேர்ட் என்ற ஆங்கிலப் புதினத்தில் வரும் ஓப்பெட் என்ற கற்பனை நகரின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டு, எழுத்துச் சற்று மாற்றப்பட்டதாகும். குழுவைத் தொடங்கியவர் டேவிட் இஸ்பெரி என்ற பாடகர். அவர் ஓக்கர்ஃபெல்ட்டைப் பேஸ் கித்தார் வாசிக்க அழைத்தார். ஆனால் அதைக் குழுவின் மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. புதியவர் வந்து நின்றதும் மற்றவர்கள் விலகிவிட, இருவரும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. 1992 இல் இஸ்பெரியும் விலகினார். பாடும் பொறுப்பு ஓக்கர்ஃபெல்ட்டிடம் வந்தது. அதற்குள் கித்தார் கலைஞர் பீட்டர் லிண்ட்கிரேன் குழுவில் சேர்ந்திருந்தார். 2007 வரை அவரே ஓக்கர்ஃபெல்ட்டின் இணையாக வாசித்தார்.

முதல் நான்கு தொகுப்புகள்

முதல் தொகுப்பான ஆர்க்கிட் 1994 இல் டான் ஸ்வானோவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகி, 1995 இல் இங்கிலாந்தின் கேண்டில்லைட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. தொடக்கப் பாடலே பதினான்கு நிமிடம் நீளமானது. டெத் மெட்டல் தொகுப்பொன்றில் சற்றும் எதிர்பாராத வகையில், டிரம்ஸ் கலைஞர் ஆண்டர்ஸ் நோர்டின் தனியாக வாசித்த ஒரு பியானோப் பகுதியும் இதில் உள்ளது.

1996 இல் வெளிவந்த மார்னிங்ரைஸ் ஐந்தே பாடல்களைக் கொண்டது. ஆனால் மொத்த நீளம் ஒரு மணிநேரத்துக்கு மேல். இதிலுள்ள பிளாக் ரோஸ் இம்மார்ட்டல் இருபது நிமிடங்களைத் தாண்டுவது. குழுவின் மிக நீண்ட பாடல் இதுவே. கருத்துகளைக் கோத்து நிறுத்தும் திறன் இக்காலத்தில் இன்னும் முதிரவில்லை என்றே சொல்லவேண்டும். அழகிய பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஆனால் ஏன் அவ்வரிசையில் வருகின்றன என்பது எப்போதும் தெளிவாக இல்லை. இருப்பினும் இத்தொகுப்பின் இறுதிப் பாடலான டு பிட் யூ ஃபேர்வெல் கவனிக்கத்தக்கது. இப்பாடல் முழுவதும் உறுமல் இன்றி, இயல்புக் குரலில் பாடப்பட்டது. பிற்காலத்தில் குழு உறுமலைக் கைவிட்டது என்று பேசப்பட்டபோது, அந்த இயல்பு 1996 இலேயே வெளிப்பட்டிருந்தது என்பதைப் பலர் மறந்திருந்தனர்.

1998 இல் வந்த மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ் முதன்முதலாக ஒரே கதையைத் தொடர்ந்து சொல்லும் தொகுப்பு. இறந்துபோன ஒருவனின் ஆவி தான் விட்டுச்சென்ற காதலியைப் பார்த்துக்கொண்டிருப்பதே அக்கதை. ஒவ்வொரு பாடலும் முடியும் சொல் அடுத்த பாடலின் தலைப்பாக அமையும் வகையில், நம் அந்தாதியை ஒத்த முறையில், வரிகள் தொடுக்கப்பட்டுள்ளன. டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லோப்பஸ் இத்தொகுப்பில் இணைந்தார். பேஸ் கித்தார் கலைஞர் மார்ட்டின் மெண்டெசும் இக்காலத்தில்தான் சேர்ந்தார். ஆயினும் பாடல்களைக் கற்க அவருக்கு நேரமில்லாததால் பேஸ் பகுதிகளை ஓக்கர்ஃபெல்ட்டே வாசித்தார். மெண்டெஸ் அதன்பின் குழுவை விட்டு நீங்கவில்லை. இதிலுள்ள டீமன் ஆஃப் த ஃபால் மேடையில் பல ஆண்டுகள் தொடர்ந்து வாசிக்கப்பட்ட பாடல்களுள் ஒன்று. அக்காலக் குழுவின் கடுமையை அறிய அது ஒன்றே போதும்.

ஸ்டில் லைஃப் 1999 இல் பீஸ்வில் நிறுவனத்தின் வழியாக வெளியானது. மத நம்பிக்கை இல்லாததற்காகத் தன் ஊரிலிருந்து விரட்டப்பட்ட ஒருவன், மெலிண்டா என்ற பெண்ணைத் தேடிப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறான். அவ்வூர் அவனை ஏற்பதில்லை. கதை எளியது என்றாலும், இசை அதனுடன் ஒட்டிச் செல்லும் விதம் முந்தைய தொகுப்புகளில் இல்லாதது. கடுமையான பகுதிகள் ஊராரின் வெறுப்பையும் அவனது சினத்தையும், அமைதியான பகுதிகள் மெலிண்டாவின் நினைவையும் தாங்கி வருகின்றன. இரண்டு குரல்களும் ஏன் ஒரே பாடலில் தேவைப்படுகின்றன என்று கேட்பவருக்கு இத்தொகுப்பே தகுந்த விடை. ஃபேஸ் ஆஃப் மெலிண்டா என்ற பாடலில் உறுமலே இல்லை. பெனைட்டெட் என்ற மற்றொரு பாடலும் அவ்வாறே.

பிளாக்வாட்டர் பார்க்

2001 இல் வெளிவந்த பிளாக்வாட்டர் பார்க், ஓப்பெத்தைச் சிறு வட்டத்திலிருந்து உலகெங்கும் அறியப்பட்ட குழுவாக மாற்றியது. 1970 களின் ஜெர்மானியக் குழுவொன்றின் பெயரே இதற்குத் தலைப்பாக இடப்பட்டது. பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதில் ஓக்கர்ஃபெல்ட்டுக்குள்ள பெரும் ஈடுபாட்டை இத்தகைய பெயர்களில் காணலாம்.

இத்தொகுப்பைத் தயாரித்தவர் போர்க்குபைன் டிரீ என்ற ஆங்கிலேயக் குழுவின் தலைவர் ஸ்டீவன் வில்சன். அவர் மெட்டல் இசை மரபில் வந்தவர் அல்லர். அவரது பங்களிப்பு பெரும்பாலும் இயல்புக் குரல் பகுதிகளில் வெளிப்படுகிறது. ஒரே குரலை அடுக்கடுக்காகப் பதிந்து இணைத்தல், மெல்லிய பியானோ ஒலிகள், பின்னணியில் மட்டும் கேட்கும் சிறு ஓசைகள் ஆகியன பாடல்களுக்கு ஆழம் கூட்டின. பிளீக் என்ற பாடலில் அவர் தாமே பாடவும் செய்தார். முந்தைய தொகுப்புகளில் மென்மையான பகுதி என்பது இரு கடும் பகுதிகளுக்கு இடைப்பட்ட ஓய்வு போன்றிருந்தது. இதிலோ அது கடும் பகுதிக்கு ஈடான எடையைப் பெறுகிறது.

த டிரேப்பரி ஃபால்ஸ் என்ற பாடலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பதினொரு நிமிடம் நீளும் இப்பாடல், இழுத்து இழுத்து ஒலிக்கும் ஒரு மின் கித்தார் மெட்டுடன் தொடங்கி, நெடுநேரம் உறுமல் வராமலே செல்கிறது. கேட்பவர் மெதுவான பாடலொன்றில் அமர்ந்துவிட்டதாக எண்ணும் வேளையில் உறுமல் வருகிறது. அதன்பின் தாளக் கணக்கு மாறுகிறது. முடிவில் தொடக்க மெட்டு திரும்ப வரும்போது அது வேறு பொருள் கொண்டதாகத் தோன்றுகிறது. மேடையில் இப்பாடலின் முதல் ஒலி எழுந்ததும் அரங்கம் ஆர்ப்பரிப்பதற்கு, அடுத்த பதினொரு நிமிடங்களில் வரவிருப்பதை அறிந்தவர்கள் அங்கு கூடியிருப்பதே காரணம்.

டெலிவரன்சும் டாம்னேஷனும்

அடுத்து இரண்டு தொகுப்புகள் ஒரே காலத்தில் பதிவு செய்யப்பட்டன. இரண்டிலும் வில்சன் பங்கேற்றார். 2002 நவம்பரில் வந்த டெலிவரன்ஸ், குழுவின் கடுமையான பக்கத்தை முன்வைத்தது. 2003 ஏப்ரலில் வந்த டாம்னேஷன் முழுவதிலும் ஓர் உறுமல்கூட இல்லை. மின் கித்தாரின் கனத்த ஒலியும் ஏறத்தாழ இல்லை. மெல்லோட்ரான் என்ற பழைய கருவியின் ஒலி இதில் பரவலாகக் கேட்கிறது. இது ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும், முன்பே பதிவு செய்யப்பட்ட காந்த நாடாவொன்றை ஓடச் செய்து வயலின் அல்லது புல்லாங்குழல் போன்ற ஒலியை எழுப்பும் கருவியாகும். 1970 களின் முற்போக்கு ராக் குழுக்கள் இதை விரும்பிப் பயன்படுத்தின.

ஒரே பாடலுக்குள் கலந்திருந்த இரு இயல்புகளைப் பிரித்து இரு தொகுப்புகளாக வைத்ததன் விளைவு வியப்பானது. மெட்டல் இசையைக் கேட்கவே விரும்பாத பலர் டாம்னேஷனை விரும்பினர். அவர்களுள் ஒருவர் அதன் அடிப்படையில் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கிச் சென்றால், டெலிவரன்ஸ் என்ற தலைப்புப் பாடலின் முன் நிற்க நேரும். பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் அப்பாடலின் இறுதியில், மின் கித்தாரும் டிரம்சும் ஒன்றாக இணைந்து ஒரே வெட்டுத் தாளத்தைச் சில நிமிடங்கள் இடைவிடாது அடித்து முடிக்கின்றன. பல ஆண்டுகளாக ஓப்பெத் நிகழ்ச்சிகள் பல இப்பாடலுடனேயே நிறைவுற்றன. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கேட்பதே முறை.

2003 செப்டம்பரில் இலண்டனின் செப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் குழு இப்பிரிவை மேடையிலேயே காட்டியது. முற்பகுதியில் டாம்னேஷனின் பாடல்கள் ஏறத்தாழ முழுவதும், பிற்பகுதியில் கடும் பாடல்கள். லேமென்டேஷன்ஸ் என்ற பெயரில் இந்நிகழ்ச்சி டிவிடியாக வெளிவந்தது. இசைத்தொகுப்பிலிருந்து மேடைக்குச் செல்வதற்கு இதனினும் நல்ல பாலம் இல்லை எனலாம்.

கோஸ்ட் ரெவரீஸ், வாட்டர்ஷெட்

2005 இல் வந்த கோஸ்ட் ரெவரீஸ் தொகுப்பில் கீபோர்டு கலைஞர் பெர் விபெரி முழு உறுப்பினராக இடம்பெற்றார். இரு குரல்களும் மீண்டும் ஒன்றாயின. தொடக்கப் பாடலான கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன் இரண்டையும் முதல் நிமிடத்திற்குள்ளேயே காட்டிவிடுகிறது. இத்தொகுப்பு ரசிகர்களிடையே பெற்ற மதிப்பை, 2015 இல் குழு தனது 25 ஆம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சிகளில் இதை முழுமையாக வாசித்ததிலிருந்து உணரலாம்.

அதன்பின் லோப்பசும் லிண்ட்கிரேனும் விலகினர். டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் அக்சென்ரோட், கித்தார் கலைஞர் ஃபிரெட்ரிக் ஓக்கெசொன் ஆகியோர் வந்தனர். 2008 இன் வாட்டர்ஷெட் இவர்களுடன் பதிவானது. தொடக்கத்தில் ஒரு பெண் குரலுடன் இணைந்த மெல்லிய பாடல். அடுத்து மிகக் கடுமையான பாடல். பர்டன் என்ற பாடலின் இறுதியில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே கித்தாரின் தந்திகள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்பட்டு, இசை நம் செவி முன்னேயே கலைந்துபோகிறது. இச்சுற்றுப்பயணக் காலத்தில், 2009 இல், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாரங் கலைவிழாவிலும் ஓப்பெத் இசை நிகழ்த்தியது. அந்நிகழ்ச்சிக்குச் சென்றவர்கள் முன்கூட்டியே கேட்டறிய வேண்டியிருந்தது ஒன்பது தொகுப்புகளே.

ஹெரிட்டேஜ்

2011 செப்டம்பரில் வெளியான ஹெரிட்டேஜ், ஓப்பெத் ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது. இதில் உறுமல் இல்லை. டெத் மெட்டலின் சாயலும் இல்லை. ஒரு தனிப் பியானோப் பகுதியுடன் தொடங்கும் இத்தொகுப்பில் 1970 களின் முற்போக்கு ராக், ஜாஸ், சுவீடனின் நாட்டார் இசை ஆகியவற்றின் செல்வாக்கே மிகுந்திருக்கிறது. அட்டைப் படத்தில் குழு உறுப்பினர்களின் தலைகள் ஒரு மரத்தில் பழங்களாகத் தொங்குகின்றன. பதிவு முடிந்தபின் விலகிய விபெரியின் தலை மரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. மரத்தின் வேர்கள் கீழே நரகம் வரை செல்கின்றன.

தொகுப்பில் உறுமல் இல்லாதது ஒரு சிக்கல் என்றால், மேடையில் இல்லாதது வேறொரு சிக்கல். 2011 இன் பிற்பகுதியில் நடந்த சுற்றுப்பயணத்தில் குழு உறுமல் உள்ள பாடல் எதையும் வாசிக்கவில்லை. புதிய தொகுப்பைப் பிடிக்காதவர் அதை வாங்காமல் விடலாம். ஆனால் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியவர் பழைய பாடல்களையாவது எதிர்பார்த்தே வந்திருப்பார். அவர்களுள் பலர் ஏமாற்றமடைந்தனர். ஒரு குழு தன் கேட்போர் விரும்புவதைத் தரக் கடமைப்பட்டதா, தனக்குச் சரியெனப் படுவதைச் செய்யலாமா என்ற விவாதம் அதன்பின் நெடுநாள் நீடித்தது. ஓக்கர்ஃபெல்ட் தாம் கேட்க விரும்பும் இசையையே எழுதுவதாகக் கூறி வந்துள்ளார்.

இவ்விவாதத்தில் ஒரு செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படவில்லை. அச்சுற்றுப்பயணத்தில் புதிய பாடல்கள் மட்டும் வாசிக்கப்படவில்லை. 1998 இன் கிரீடென்ஸ், 1999 இன் ஃபேஸ் ஆஃப் மெலிண்டா, 2002 இன் எ ஃபேர் ஜட்ஜ்மென்ட், 2003 இன் குளோஷர் ஆகியவையும் இடம்பெற்றன. அதாவது, ஒரு முழு நிகழ்ச்சியை உறுமல் இன்றி நிரப்பும் அளவுக்குக் குழுவின் பழைய தொகுப்புகளிலேயே பாடல்கள் இருந்தன. பழைய ஓப்பெத், புதிய ஓப்பெத் என்று கோடு கிழிப்பவர்கள் பழைய தொகுப்புகளின் ஒரு பாதியையே நினைவில் வைத்திருக்கின்றனர். பின்வந்த ஆண்டுகளின் நிகழ்ச்சிகளில் உறுமல் பாடல்கள் மீண்டும் இடம்பெற்றன.

பிந்திய தொகுப்புகள்

பேல் கம்யூனியன் (2014), சோர்சரஸ் (2016) ஆகிய இரண்டும் ஹெரிட்டேஜ் திறந்த வழியிலேயே சென்றன. இவற்றுள் முன்னது மேலானது. புதிய கீபோர்டு கலைஞர் யோக்கிம் ஸ்வால்பெரியின் பங்கு இதில் தெளிவாகக் கேட்கிறது. ஹெரிட்டேஜில் சிதறலாக இருந்த கருத்துகள் இதில் முழுமையான பாடல்களாகியுள்ளன. கோப்ளின் என்ற இசைத்துண்டு, அதே பெயருடைய இத்தாலியக் குழுவுக்குச் செய்த மரியாதை.

இன் காவுடா வெனெனம் (2019) சுவீடிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இரு வடிவங்களாக வெளிவந்தது. முதலில் எழுதப்பட்டது சுவீடிய வடிவமே. இலத்தீனில் அமைந்த தலைப்பு, நஞ்சு வாலில் உள்ளது என்று பொருள்படும். மொழி புரியாதவரும் சுவீடிய வடிவத்தைக் கேட்பது நல்லது. ஓக்கர்ஃபெல்ட்டின் இயல்புக் குரல் தாய்மொழியில் கூடுதல் நெகிழ்வுடன் ஒலிக்கிறது.

2021 இல் அக்சென்ரோட் விலக, மறு ஆண்டு பின்லாந்தைச் சேர்ந்த வால்ட்டெரி வாய்ரினென் டிரம்ஸ் கலைஞராக இணைந்தார். அவருடன் பதிவான த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட் 2024 நவம்பரில் வெளியானது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு புதிய ஓப்பெத் தொகுப்பில் உறுமல் கேட்டது இதில்தான். முதல் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில், ஒரு செல்வக் குடும்பத் தலைவரின் உயில் வாசிக்கப்படும்போது அக்குடும்பத்தின் மறைவுகள் வெளிப்படுவதே கதை. பாடல்களுக்குப் பெயர் இல்லை; சட்ட ஆவணம் போல ஒன்று முதல் ஏழு வரை பத்தி எண்களே இடப்பட்டுள்ளன. இறுதிப் பாடலுக்கு மட்டும் பெயர் உண்டு. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் இதில் புல்லாங்குழல் வாசித்ததுடன், உயிலின் குரலாகப் பேசவும் செய்துள்ளார்.

உறுமல் திரும்பியதால் இதைப் பழைய ஓப்பெத்தின் மீட்சி என்று வரவேற்றோர் பலர். அவ்வாறு சொல்வது முற்றிலும் பொருந்தாது. பாடல்கள் குறுகியவை, நெருக்கமானவை. மார்னிங்ரைசின் தளர்ந்த நீளம் இவற்றில் இல்லை. ஹெரிட்டேஜ் முதல் பழகிய ஜாஸ் தாளங்களும் நரம்பிசைக் கோவைகளும் இதில் நிறைந்துள்ளன. அந்த நான்கு தொகுப்புகளை விட்டுவிட்டு நேரே இதற்கு வருபவர், உறுமலுக்கு இடைப்பட்ட பகுதிகள் எங்கிருந்து வந்தன என்று அறியமாட்டார்.

கேட்கும் வரிசை

வெளிவந்த வரிசையிலேயே தொடங்குவது பலருக்கும் தோன்றும் முதல் எண்ணம். ஓப்பெத்தைப் பொறுத்தவரை அது சிறந்த வழியன்று. ஆர்க்கிட், மார்னிங்ரைஸ் இரண்டும் கேட்பவரிடம் மிகுந்த பொறுமையைக் கோருபவை. ஒலிப்பதிவின் தரமும் பிற்காலத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. பிளாக்வாட்டர் பார்க்கில் தொடங்கி, டாம்னேஷனையும் டெலிவரன்சையும் அடுத்தடுத்துக் கேட்டு, அங்கிருந்து ஸ்டில் லைஃபுக்குப் பின்னோக்கிச் செல்வது எளிது. அதன்பின் கோஸ்ட் ரெவரீஸ். உறுமல் சற்றும் ஒவ்வாதவர் டாம்னேஷனிலிருந்து நேரே பேல் கம்யூனியனுக்குச் சென்று, பிறகு பிளாக்வாட்டர் பார்க்குக்குத் திரும்பலாம். முதல் இரு தொகுப்புகளை இறுதியில் கேட்டாலும் இழப்பில்லை. பின்னர் வந்தவற்றின் விதைகளை அவற்றில் அடையாளம் காண்பது அப்போதுதான் இயலும்.

நிகழ்ச்சிக்கு ஓரிரு வாரமே இருப்பின், அச்சுற்றுப்பயணம் எத்தொகுப்பை ஒட்டியது என்று பார்த்து அதை முதலில் கேட்க வேண்டும். எக்குழுவும் தனது புதிய தொகுப்பிலிருந்து பல பாடல்களை எடுப்பது வழக்கம். பதினான்கையும் விரைந்து ஒருமுறை கேட்பதைவிட, நான்கைந்து தொகுப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்பது பயன் தரும். மேலே சொன்னவாறு, இப்பாடல்கள் முதல் கேட்பில் பிடிபடுபவை அல்ல.

மேடையில் பழைய பாடல்கள்

தனது பழைய தொகுப்புகளைக் குழுவே முறையாகத் திரும்பிப் பார்த்த நிகழ்ச்சிகள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது, 20 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2010 ஏப்ரல் 5 இல் இலண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் அரங்கில் நடந்தது. முற்பகுதியில் பிளாக்வாட்டர் பார்க் முழுவதும் வாசிக்கப்பட்டது. பிற்பகுதியில் ஆர்க்கிட்டில் தொடங்கி வாட்டர்ஷெட் வரை, மற்ற எட்டுத் தொகுப்புகளிலிருந்தும் தொகுப்புக்கு ஒரு பாடல் வீதம் கால வரிசையில் இடம்பெற்றன. இதன் பதிவு அதே ஆண்டில் வெளியானது. பதினைந்து ஆண்டு வளர்ச்சியை ஒரே கலைஞர்களின் வாசிப்பில், ஒரே ஒலியமைப்பில் ஒப்பிட்டுக் கேட்க இது உதவுகிறது. ஆர்க்கிட்டின் ஃபாரஸ்ட் ஆஃப் அக்டோபர் என்ற பாடல் மூலப் பதிவைவிட இதில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. பழைய தொகுப்பு கடினமாகத் தோன்றினால் அதன் மேடை வடிவத்தை முதலில் கேட்பது நல்ல வழி.

2022 இல் நடந்த மற்றொரு சுற்றுப்பயணத்தில் தெரிவு ரசிகர்களிடமே விடப்பட்டது. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஒரு பாடலை அவர்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்க, குழு அவற்றை வாசித்தது. தொகுப்புக்கு ஒன்று என்ற வரம்பு இருந்ததால், வழக்கமாக மேடைக்கு வராத பாடல்களுக்கும் இடம் கிடைத்தது.

ஓப்பெத் நிகழ்ச்சிகளுக்குரிய மற்றோர் இயல்பு, பாடல்களுக்கு இடையே ஓக்கர்ஃபெல்ட் பேசும் பேச்சு. நரகத்திலிருந்து எழுவது போன்ற குரலில் பத்து நிமிடம் உறுமி முடித்தவர், மறுகணம் தாழ்ந்த, சற்றே சோம்பலான குரலில் தம்மையும் தம் குழுவையும் கேலி செய்யத் தொடங்குவார். 2006 நவம்பரில் இலண்டனில் பதிவாகி 2007 இல் வெளிவந்த த ரவுண்ட்ஹவுஸ் டேப்ஸ் என்ற மேடைப் பதிவில் இப்பேச்சுகளும் உள்ளன. ஐயன் மெய்டன் குழுவின் தொடக்ககால வெளியீடு ஒன்றின் பெயரைச் சற்று மாற்றி அத்தலைப்பு இடப்பட்டது.